பின் சக்கரத்தின் கோணல்

பழைய சைக்கிள் ஒன்றை விலைக்கு வாங்குவதற்கும் ஒரு குடும்பத்தில் சம்பந்தம் செய்துகொள்வதற்கும் அதிக வித்தியாசம் இல்லை என்பது நமது அபிப்பிராயம். இரண்டிலும் வெளிப்பூச்சைப் பார்த்தே முடிவு செய்கிறோம். இரண்டிலும் உள்ளே இருக்கும் கோணல் பத்து நாள் கழித்துத்தான் தெரிய வருகிறது. இரண்டிலும் அந்தக் கோணல் பெரும்பாலும் நம்மாலேயே உண்டானதாக இருக்கிறது. இந்த மூன்றாவது உண்மையைக் கண்டறிவதற்கு நமக்கு ஐம்பத்திரண்டு வயதும், ஒரு தபால்காரருடைய சைக்கிளும் தேவையாயிருந்தன.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறோம்.

நமது மூத்த குமாரி இவ்வருஷம் நர்ஸ் பயிற்சியில் சேர்ந்தாள். காலை ஆறு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரி வார்டில் போய் நிற்க வேண்டும். நமது வீடோ புதுக்கோட்டை நகரத்தின் ஓரத்தில், ஆஸ்பத்திரிக்கு ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. முதல் டவுன் பஸ் நம் பக்கம் வந்து சேரும்போது மணி ஆறே கால் ஆகிவிடும். 2021-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஆறு மணிக்கு முன்னால் வராத பஸ்ஸில் கட்டணம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? பயிற்சி நிலையத்தின் சட்டமோ கண்டிப்பானது. மூன்று நாள் தாமதமாய் வந்தால் ஒரு நாள் வராததாகக் கணக்கு. வராத நாட்கள் அளவுக்கு மேல் போனால் பரீட்சைக்கு உட்கார முடியாது.

ஆகையால் சைக்கிள் வாங்குவதென்று தீர்மானமாயிற்று. நமது தாயாருக்கு மட்டும் இதில் சம்மதமில்லை.

"வயது வந்த பெண் விடியாத வேளையில் சைக்கிளில் போகிறதாவது? நம் குடும்பத்தில் யாராவது இப்படிச் செய்ததுண்டா?" என்றார்கள்.

அதற்குப் பதில் சொல்லியது நாமல்ல, நமது இல்லத்தரசி. "ஏன் அத்தை, நான் சைக்கிள் ஓட்டினவள்தானே?" என்றாள்.

அது உண்மை. புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991-ஆம் ஆண்டு அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மையார், எழுத்துப் படிப்போடு சைக்கிள் பழக்கத்தையும் சேர்த்து வைத்தார். பல ஆயிரம் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். பெண்கள் சைக்கிள் போதுமான அளவு கிடைக்கவில்லை. அதனால் என்ன என்று, குறுக்கே பார் வைத்த ஆண்கள் சைக்கிள்களிலேயே ஏறிவிட்டார்கள். குழந்தையை உட்கார வைக்கவும் தண்ணீர்க் குடத்தைக் கட்டவும் அந்தப் பார் சௌகரியமாயிருக்கிறது என்று சொன்னவர்களும் உண்டு. அவர்களில் ஒருத்தி, பதினான்கு வயதில், நமது மனைவி. மாமியாரும் மருமகளும் சற்று நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் தாயார், "என்னமோ, விளக்கு ஒன்று வைத்துக் கொடுங்கள்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். இதை நாம் சம்மதம் என்று அர்த்தம் செய்துகொண்டோம்.

புதுச் சைக்கிளின் விலை நமது மாத வரவு செலவுக்கு ஒத்து வரவில்லை. அடுத்த தெருவில் குடியிருக்கும் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர், முழங்கால் வலியினால் தமது சைக்கிளை விற்கப் போகிறார் என்று கேள்விப்பட்டோம். போய்ப் பார்த்தோம். கறுப்பு நிறம், இருபத்தெட்டு அங்குலச் சக்கரம், கம்பி பிரேக்கு, பெரிய கேரியர். பழைய காலத்து உறுதியான வண்டி. ஆயிரத்து ஐந்நூறு என்றார். நாம் பேரம் பேசி ஆயிரத்து இருநூறுக்குக் கொண்டு வந்தோம். பணத்தை வாங்கிக்கொண்டு, "தம்பி, பின் சக்கரத்திலே ஒன்று கவனிக்க வேண்டும்..." என்று அவர் ஆரம்பித்தார்.

"எல்லாம் தெரியும், பெரியவரே! சின்ன வயதிலிருந்து சைக்கிளோடு பழகினவன்தான்" என்று சொல்லிவிட்டு, அவர் மனம் மாறி இன்னும் நூறு ரூபாய் கேட்பதற்குள் வண்டியை உருட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

வாசகர்கள் இந்த இடத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பத்து நாள் சைக்கிள் அற்புதமாய் ஓடிற்று. பிறகு ஆயுத பூஜை வந்தது. கல்வி தெய்வத்துக்குப் புஸ்தகங்களும், தொழில் தெய்வத்துக்கு அரிவாள்மணை முதல் தையல் இயந்திரம் வரையிலும் வரிசையாக வைக்கும் நாளில், சைக்கிளை அழுக்கோடு வைக்க நமக்கு மனம் வரவில்லை. முதல் நாளே அதைத் தலைகீழாக நிறுத்தி, பின் சக்கரத்தைக் கழற்றி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்தோம். வலது பக்கத்துப் பிளவில் அடைத்துக்கொண்டிருந்த குப்பையையெல்லாம் ஓர் ஆணியால் நெம்பி எடுத்து எறிந்தோம். சக்கரத்தைத் திரும்ப மாட்டி நட்டுகளை முறுக்கினோம். மறுநாள் சந்தனமும் குங்குமமும் பூவுமாகச் சைக்கிள் மணமேடையில் உட்கார்ந்த மாதிரி விளங்கிற்று.

விஜயதசமியன்று காலையில் குமாரி திரும்பி வந்து, "அப்பா, வண்டி இழுக்கிறது. வழியில் இரண்டு தடவை செயின் கழன்று விழுந்தது. எட்டு நிமிஷம் தாமதம்" என்றாள்.

குனிந்து பார்த்தோம். பின் சக்கரம் நேராக இல்லை. பெடலுக்குப் பக்கத்தில் டயர் இடது பக்கத்துக் குழாயில் உராய்ந்துகொண்டிருந்தது. சக்கரத்தை இரு புறமும் அணைத்து நிற்கும் இந்தக் குழாய்களுக்குப் பின் போர்க் என்று பெயர். இடது புறம் ஒரு நூல்கூட இடைவெளி இல்லை. வலது புறம் ஒரு விரல் போகும்.

சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால் காரணம் போக்ஸ் கம்பிகள்தான் என்று எங்கேயோ கேட்டிருந்தோம். கடைத்தெருவுக்குப் போய், கம்பியின் முனையிலுள்ள நிப்பிளைத் திருகும் சிறு சாவி ஒன்றை வாங்கி வந்தோம். வலது பக்கத்துக் கம்பிகளை இறுக்கினால் சக்கரம் வலது பக்கம் வரவேண்டும் அல்லவா? தர்க்கத்தில் தவறில்லை. கடிகார முள் சுற்றும் திசையில் ஒவ்வொரு நிப்பிளையும் முழுசாக இரண்டு சுற்றுச் சுற்றினோம். நான்கு கம்பிகள் ஆனதும் சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தோம். அது தட்டாமாலை ஆடிற்று. ஒரு சுற்றுக்குள் இடது பக்கம் ஒரு தரமும் வலது பக்கம் ஒரு தரமும் போய் வந்தது. மேலும் ஆறு கம்பிகளைத் திருகினோம். இப்போது சக்கரம் சுற்றவே மறுத்துவிட்டது.

மறுநாள் குமாரி நடந்தும் ஓடியும் போய்ச் சேர்ந்தாள். அரைமணி தாமதம். இரண்டாவது நாள் கணக்கில் ஏறிவிட்டது. அவள் நம்மைக் குறை சொல்லவில்லை. குறை சொல்லியிருந்தால் நமக்கு எவ்வளவோ ஆறுதலாயிருந்திருக்கும்.

மனிதனுக்கு இம்மாதிரி சமயத்தில் கோபம் வருகிறது. கோபத்துக்கு ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. தேநீர்க் கடையில் நாலு பேருக்கு முன்னால், "அந்தத் தபால்காரர் நம்மை நன்றாக ஏமாற்றிவிட்டார். சட்டமே வளைந்துபோன வண்டியைப் பூச்சுப் பூசித் தலையில் கட்டிவிட்டார்" என்று சொன்னோம். சொல்லும்போது நமக்கே அது நிச்சயமான உண்மை போல் தோன்றிற்று.

முப்பது வருஷம் ஊராருக்குக் கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தவருக்கு, அவரைப் பற்றிய செய்தியை மட்டும் ஊரார் கொண்டுபோய்க் கொடுக்கமாட்டார்களா? அன்று மாலையே பக்கத்து வீட்டுப் பையன் ஓர் உறையைக் கொண்டு வந்து கொடுத்தான். உள்ளே ஆயிரத்து இருநூறு ரூபாயும் ஒரு துண்டுக் காகிதமும் இருந்தன. "பணம் திருப்பியிருக்கிறேன். பாப்பாவுக்குச் சைக்கிள் வேண்டும். அது உங்களிடமே இருக்கட்டும்" என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

நமது மனைவி அதைப் படித்தாள். "ஏங்க, கடைக்குக் கொண்டுபோய்க் காட்டினீர்களா?" என்று மட்டும் கேட்டாள்.

உறையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சைக்கிளின் பின்புறத்தைத் தூக்கியபடியே சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். குமாரியும் கூட வந்தாள்.

அந்தக் கடை ஒரு வேப்பமரத்தடியில் இருக்கிறது. தகரக் கூரை, தொங்கும் பழைய டயர்கள், பஞ்சர் பார்க்கும் தண்ணீர்த் தொட்டி, ஒரு மின்சார விளக்கு. கடைக்காரருக்கு எழுபது வயதிருக்கலாம். அவர் முதலில் ஸ்பானரைத் தொடவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, விளக்கைக் கிட்டே இழுத்து, வெறுமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சக்கரத்தை மெள்ளச் சுழற்றினார்.

"யார் நிப்பிளைத் திருகினது?" என்றார்.

நாம் தொண்டையைக் கனைத்தோம். குமாரி மரத்தைப் பார்த்தாள்.

"திருகினது தப்பில்லை, ஐயா. கண்ணால் பார்க்கிறதுக்கு முந்திக் கையால் திருகினதுதான் தப்பு" என்றார். பிறகு அவர் சொன்னதும் செய்து காட்டியதும், பழைய சைக்கிள் வைத்திருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உபயோகமானவை. ஆதலால் விவரமாகவே எழுதுகிறோம்.

பின் சக்கரம் கோணலாயிருந்தால் மூன்று இடங்களில் குற்றம் இருக்கலாம். சக்கரமே கெட்டிருக்கலாம், அல்லது அதைத் தாங்கும் சட்டம் வளைந்திருக்கலாம், அல்லது இரண்டும் நன்றாயிருந்து, சக்கரம் சட்டத்தில் உட்கார்ந்த விதம் தவறாயிருக்கலாம். எது என்று தெரியாமல் கை வைத்தால், இல்லாத குற்றத்தை நீக்கப் போய் இரண்டு குற்றங்களாகிவிடும்.

முதல் சோதனை, சக்கரத்தைச் சுழற்றுவது. சுற்றும்போது டயருக்கும் போர்க்குக்கும் உள்ள இடைவெளி குறைந்தும் கூடியும் வந்தால் சக்கரத்தில் கோட்டம் இருக்கிறது. இடைவெளி மாறாமல், முழுச் சுற்றிலும் ஒரே பக்கமாக ஒதுங்கியிருந்தால், சக்கரத்தில் கோட்டமில்லை. வேறு இடத்தில் தேட வேண்டும். விஜயதசமி காலையில் நாம் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தாலே போதும். நிப்பிள் சாவி வாங்கிய காசு மிச்சமாயிருக்கும்.

"இப்போது கோட்டத்தை எடுத்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க முடியும்" என்று சொல்லிப் பெரியவர் வேலையை ஆரம்பித்தார்.

சைக்கிள் சக்கரம் ஓர் அதிசயமான பொருள். மாட்டு வண்டிச் சக்கரத்தில் பாரம் ஆரக்கால்களின் மேல் நிற்கிறது. சைக்கிள் சக்கரத்திலோ மெல்லிய கம்பிகள் பாரத்தைத் தூணைப் போல் தாங்க முடியாது; இழுத்துப் பிடிக்கத்தான் முடியும். எல்லாக் கம்பிகளும் முன்கூட்டியே இழுத்து முறுக்கப்பட்டிருப்பதால்தான் வளையம் உறுதியாக நிற்கிறது. பழைய கறுப்புச் சைக்கிளில் முன் சக்கரத்துக்கு 32 கம்பிகளும் பின் சக்கரத்துக்கு 40 கம்பிகளும் வைப்பது வழக்கம். பாதிக் கம்பிகள் ரிம்மை இடது பக்கமும் பாதி வலது பக்கமும் இழுக்கின்றன. இரு கட்சியும் சமமாக இழுத்துக்கொண்டிருக்கும் வரையில் சக்கரம் நேராக ஓடும்.

பின் சக்கரத்துக்கு ஏன் எட்டுக் கம்பிகள் அதிகம்? இதற்குச் சரித்திரத்தில் பதில் இருக்கிறது. முற்காலத்தில், முன்னால் பிரம்மாண்டமான சக்கரமும் பின்னால் சிறு சக்கரமுமாக ஓடிய வண்டியில் பெடல்கள் முன் சக்கரத்திலேயே இருந்தன. பின் சக்கரத்துக்கு வேலை ஒன்றுமில்லை. கூட ஓடி வருவதுதான். இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரத்து ஜான் கெம்ப் ஸ்டார்லி 1885-ஆம் ஆண்டில் ரோவர் சைக்கிளை வெளிக்கொணர்ந்தார். அதில் இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவு, பெடல் நடுவில், செயின் பின் சக்கரத்தைச் சுற்றிற்று. அன்று முதல், ஏறியிருப்பவரின் பாரத்தில் பெரும் பங்கைத் தாங்குவதும் வண்டியை முன்னே தள்ளுவதும் ஆகிய இரண்டு பொறுப்புகளும் பின் சக்கரத்தின் தலையில் விழுந்தன. ஹப்பிலிருந்து கம்பிகள் நேராகப் புறப்படாமல் சாய்ந்து ஒன்றையொன்று குறுக்கிட்டுப் போவதும் இந்த முறுக்கு விசையைத் தாங்குவதற்காகத்தான். அந்த முறைக்கு அவருடைய தந்தையின் சகோதரர் ஜேம்ஸ் ஸ்டார்லி 1874-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை பெற்றிருந்தார்.

பெரியவர் ஒரு சுண்ணாம்புக் கட்டியை ரிம்முக்கு அருகே அசையாமல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுழற்றினார். வெளியே பிதுங்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது. அந்த இடத்தில் ரிம் இடது பக்கம் போயிருந்தால், அங்குள்ள இடது கம்பியைக் கால் சுற்றுத் தளர்த்தி, அடுத்த வலது கம்பியைக் கால் சுற்று இறுக்கினார். மறுபடி சுழற்றினார். கால் சுற்றுக்கு மேல் அவர் ஒரு தடவையும் திருகவில்லை. இரண்டு முழுச் சுற்று திருகின நாம் இந்த இடத்தில் மௌனமாயிருந்தோம்.

"நான் கடிகாரத் திசையில் இறுக்கத்தானே செய்தேன்?" என்று கடைசியில் கேட்டோம்.

"எந்தப் பக்கத்திலிருந்து பார்த்து?" என்றார் பெரியவர்.

இங்கேதான் சூட்சுமம். நிப்பிளை டயர் இருக்கும் வெளிப்புறத்திலிருந்து பார்த்தால், கடிகார முள் போகும் திசையில் திருகும்போது இறுகும். உள்ளே ஹப்பின் பக்கமிருந்து பார்க்கிறவனுக்கு அதே திசை தலைகீழாகிவிடுகிறது. நாம் உள்ளிருந்து பார்த்து, இறுக்குவதாக நினைத்துக்கொண்டு, பத்துக் கம்பிகளைத் தளர்த்தியிருந்தோம்!

முக்கால் மணி நேரத்தில் கோட்டம் நீங்கிற்று. ஆனால் சக்கரம் இன்னும் இடது பக்கமாகத்தான் நின்றது.

"இனிமேல்தான் வண்டியினுடைய வியாதியைப் பார்க்கப் போகிறோம்" என்று சொல்லி, அவர் இரண்டாவது சோதனையைச் செய்தார். செயினை எடுத்துவிட்டு, சக்கரத்தைக் கழற்றி, இடம் வலமாகத் திருப்பி மாட்டினார். பற்சக்கரம் இப்போது இடது பக்கம் வந்துவிட்டது. இது ஓட்டுவதற்கல்ல, பார்ப்பதற்கு. அச்சை இரு பிளவுகளிலும் சம அளவு உள்ளே தள்ளி வைத்தார். ரிம் நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாகக் கட்டப்பட்ட சக்கரமாயிருந்தால், திருப்பிப் போட்டதும் அது மறு பக்கம் ஒதுங்கும். திருப்பிப் போட்டும் பழைய பக்கமே ஒதுங்கினால் சக்கரம் நிரபராதி, சட்டம்தான் குற்றவாளி. நம்முடைய சக்கரமோ எந்தப் பக்கமும் ஒதுங்கவில்லை. நட்ட நடுவில் நின்றது. குமாரி வலப் புறம் ஒரு விரலும் இடப் புறம் ஒரு விரலும் வைத்துப் பார்த்தாள், சரியாயிருந்தது.

"சக்கரம் நல்லது" என்றார் பெரியவர். "ஆனாலும் பழைய வண்டி. சட்டத்தையும் பார்த்துவிடலாம்."

மூன்றாவது சோதனைக்கு ஒரு முழ நீளக் கருவிகூடத் தேவையில்லை. ஒரு நூல் கண்டு போதும். சக்கரத்தை எடுத்துவிட்டு, நூலின் ஒரு முனையைப் பின் போர்க்கின் வலது நுனியில் கட்டி, ஹாண்டில் பாருக்குக் கீழுள்ள முன் குழாயைச் சுற்றிக் கொண்டு வந்து, இடது நுனியில் இழுத்துக் கட்டினார். நூல் இப்போது ஸீட்டைத் தாங்கும் குழாயின் இரு புறமும் போயிற்று. குழாய்க்கும் நூலுக்கும் உள்ள தூரத்தை இரு பக்கமும் அளந்தார். இரண்டும் ஒன்றாயிருந்தால் சட்டம் நேர். விபத்துக்குள்ளான வண்டி இந்த இடத்தில் தன் பழைய கதையைச் சொல்லிவிடும். பூச்சு எவ்வளவு புதிதாயிருந்தாலும் நூல் பொய் சொல்லாது. பழைய சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் பையில் ஒரு நூல் கண்டு கொண்டுபோவது நலம்.

நம்முடைய வண்டியில் இரண்டு தூரமும் ஒன்றாகவே இருந்தன.

"சட்டமும் நல்லது" என்றார்.

நமது சட்டைப் பையிலிருந்த உறை திடீரென்று கனக்க ஆரம்பித்தது. 'சட்டமே வளைந்துபோன வண்டி' என்று தேநீர்க் கடையில் சொன்னது யாருடைய குரல்?

பெரியவர் விளக்கைத் தாழ்த்திப் பின் போர்க்கின் வலது பிளவைக் காட்டினார். "இங்கே பாருங்கள், ஐயா. உள்ளே ஒரு சிறு இடம் மட்டும் துருப் பிடிக்காமல் பளிச்சென்று இருக்கிறது. ரொம்ப நாளாய் இங்கே ஏதோ ஒன்று அடைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இடது பக்கம் செயின் அட்ஜஸ்டர் இருக்கிறது. வலது பக்கம் இல்லை. அதற்குப் பதிலாக யாரோ ஒரு மரத்துண்டை வைத்திருக்கிறார்கள். அதை எடுத்தது யார்?"

நாம் ஆணியால் நெம்பி எடுத்து எறிந்த குப்பை நமது மனக்கண் முன்னால் வந்து நின்றது.

காரணம் இதுதான். இவ்வகைச் சைக்கிளில் பின் சக்கரத்தின் அச்சு, பின்பக்கம் திறந்த நீளமான இரண்டு பிளவுகளில் நிற்கிறது. செயின் தளர்ந்தால் சக்கரத்தைப் பின்னால் இழுத்து இறுக்குவதற்காக இப்படி வைத்திருக்கிறார்கள். செயின் இருப்பது வலது பக்கம். பெடலை மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தப் பலமெல்லாம் அச்சின் வலது முனையை முன்னால் இழுக்கிறது. வலது முனை சற்று முன்னால் நகர்ந்தாலும், பெடலுக்குப் பக்கத்தில் டயர் இடது புறம் திரும்பிவிடும். செயினும் தொய்ந்து கழலும். வலது பக்கம் அச்சுக்கு முன்னால் இருந்த அந்த மரத்துண்டு, அச்சை முன்னே போகவிடாமல் காவல் காத்துக்கொண்டிருந்தது. காவல்காரனைத் துரத்திவிட்டு, கதவு திறந்திருக்கிறதே என்று நாம் கூச்சல் போட்டோம்.

"இன்னொன்றும் பாருங்கள்" என்று பெரியவர் இடது குழாயைத் தொட்டுக் காட்டினார். "டயர் உராய்ந்த இடத்தில் பூச்சுத்தான் போயிருக்கிறது. இரும்பு தேயவில்லை. இது இரண்டு நாள் உராய்வு. தபால்காரரிடம் இருந்தபோதே இப்படி இருந்திருந்தால் குழாய் வெள்ளியாய் மின்னும்."

குமாரி நம்மைத் திரும்பிப் பார்த்தாள். "அப்பா, அன்றைக்கு அவர் பின் சக்கரத்தைப் பற்றி ஏதோ சொல்ல வந்தாரே!" என்றாள்.

மீதி வேலை அதிக நேரம் பிடிக்கவில்லை. வலது பக்கத்துக்கு ஒரு புது அட்ஜஸ்டர் போட்டார். அதன் வளையம் அச்சில் மாட்டிக்கொள்ளும். அதன் திருகு போர்க்கின் நுனிக்குப் பின்னால் வந்து நிற்கும். நட்டைத் திருகினால் அச்சு மயிரிழை மயிரிழையாகப் பின்னால் வரும். செயினின் நடுவில் விரலால் அழுத்தினால் அரை அங்குலம் அசைய வேண்டும். அதற்கு மேல் தொய்ந்தால் கழலும். விறைப்பாயிருந்தால் பால்ரஸ் தேயும். முதலில் வலது நட்டை இலேசாகப் பிடிக்க வைத்து, டயரைப் பெடல் பக்கத்தில் கையால் நடுவுக்குக் கொண்டு வந்து, இடது நட்டை இறுக்கி, பிறகு இரண்டையும் முழுப் பலத்தோடு முறுக்க வேண்டும். கடைசியில் பிரேக் கட்டைகள் ரிம்மில் சரியாகப் படுகின்றனவா என்று பார்க்க வேண்டும். சக்கரத்தின் இடம் மாறினால் பிரேக்கின் இடமும் மாறும். இதை மறந்தவர்கள் முதல் இறக்கத்தில் ஞாபகப்படுத்தப்படுவார்கள்.

கடைசி முறுக்கைப் பெரியவர் தாம் செய்யவில்லை. ஸ்பானரைக் குமாரியின் கையில் கொடுத்தார். "வண்டியில் போகிறது நீதானே, அம்மா? இறுக்கம் எப்படியென்று உன் கைக்குத்தான் தெரிய வேண்டும்" என்றார். நம்மிடம் அவர் கொடுக்கவில்லை. அதன் நியாயம் நமக்கு விளங்கிற்று.

ஒரு காலத்தில் நம் நாட்டில் சைக்கிள் என்றால் சீமைச் சரக்கு. பெரும்பாலும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்தது. 1949-ஆம் ஆண்டில் சென்னையில் டி. ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி ஏற்பட்டு, பின்னர் அம்பத்தூரில் ஹெர்குலிஸ் சைக்கிள்கள் செய்யப்பட்டன. லூதியானாவில் 1956-ஆம் ஆண்டில் ஹீரோ சைக்கிள்ஸ் தோன்றிற்று. இவற்றை நம் தொழிலின் வெற்றிகள் என்று கொண்டாடுகிறோம், கொண்டாட வேண்டியதுதான். ஆனால் தொழிற்சாலை வருவதற்கு வெகு காலம் முன்னதாகவே, சீமைச் சைக்கிளுக்கு நம் ஊர் மரத்தடியில் கோட்டம் எடுத்தவர்கள் இருந்தார்கள். வண்டி அயல் நாட்டுச் சரக்காயிருந்த நாளிலும் அதைப் பழுது பார்க்கும் கை சுதேசிக் கையாயிருந்தது. சுண்ணாம்புக் கட்டியும் நூல் கண்டும் வைத்துக்கொண்டு வியாதியைக் கண்டுபிடிக்கும் அந்த வித்தைக்குப் பட்டமும் இல்லை, பாடபுஸ்தகமும் இல்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றுக்கொண்டு வருகிறார்கள். அந்தச் சங்கிலி அறுந்தால் எந்தத் தொழிற்சாலையும் அதைச் செய்து கொடுக்க முடியாது.

கடையிலிருந்து நேராகத் தபால்காரர் வீட்டுக்குப் போனோம். மணி ஒன்பதாகியிருந்தது. அவர் திண்ணையில் முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். நாம் வழியெல்லாம் தயார் செய்து வைத்திருந்த நாலு வாக்கியங்களும் வாயில் வரவில்லை. "மரத்துண்டை நான்தான் எடுத்து எறிந்துவிட்டேன்" என்பது மட்டும் வந்தது.

"அதைத்தான் தம்பி அன்றைக்குச் சொல்ல வந்தேன்" என்றார் அவர். "அட்ஜஸ்டர் உடைந்த அன்று பை நிறையத் தபால் இருந்தது. கடைக்குப் போய்க்கொண்டிருந்தால் விநியோகம் நின்றுபோகும். ஒரு புளியங்குச்சியைச் சீவி வைத்தேன். ஏழு வருஷம் நின்றது."

"தேநீர்க் கடையில் நான் சொன்னதை நாளைக் காலையில் அதே இடத்தில் அதே ஆட்களுக்கு முன்னால் திருத்திச் சொல்லிவிடுகிறேன்" என்றோம்.

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. தலையை அசைத்தார். உறையை நீட்டினோம். முப்பது வருஷம் மணியார்டர் பட்டுவாடா செய்த கைகள் அந்த நோட்டுகளை இரண்டு தடவை எண்ணின. பிறகு குமாரியைப் பார்த்து, "பாப்பா, எத்தனை மணிக்குப் புறப்படுவாய்?" என்று கேட்டார். ஐந்தரை என்றாள். "மேட்டுப் பக்கம் தெரு விளக்கு எரியாது. கீழ வீதி வழியாய்ப் போ" என்றார்.

மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு நாம் வாசலில் நின்றோம். நமது தாயாரும் எழுந்து வந்து நின்றார்கள். குமாரி சைக்கிளின் பின் சக்கரத்தை ஒரு தடவை சுழற்றி, இரு புறமும் விரலை வைத்துப் பார்த்துவிட்டு ஏறினாள். சத்தமில்லாமல் போயிற்று வண்டி. ஐந்து ஐம்பதுக்கு வார்டில் இருந்ததாக அவள் சாயங்காலம் வந்து சொன்னாள். மூன்றாவது நாள் கணக்கில் ஏறவில்லை.

நாமும் தேநீர்க் கடைக்குப் போய்ச் சொல்ல வேண்டியதைச் சொன்னோம். சக்கரத்தின் கோட்டத்தை எடுப்பதற்கு முக்கால் மணி ஆயிற்று. இதற்கு ஐந்து நிமிஷந்தான் ஆயிற்று. ஆனால் இரண்டில் எது கஷ்டமான வேலை என்று வாசகர்கள் கேட்க வேண்டியதில்லை.

ஸ்பானரும் நிப்பிள் சாவியும் இப்போது குமாரியின் பொறுப்பில் இருக்கின்றன. அடுத்த ஆயுத பூஜைக்குச் சைக்கிளுக்குச் சந்தனம் வைக்க மட்டும் நமக்கு அநுமதி கிடைத்திருக்கிறது. துடைக்க அநுமதி இல்லை.